குரல் ஃபோன் மாறிய சனிக்கிழமை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் லூர்துசாமி என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். மைக் லூர்து என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தபடி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊரைச் சுற்றியவர் அவர். பாத்திரக் கடைத் தள்ளுபடி, குழாயில் தண்ணீர் வராத நாள், மைதானத்துப் பொருட்காட்சி, மாதா கோயில் தேர்பவனி, யாரோ ஒருவரின் சாவு, எல்லாம் அவர் வாயால்தான் தெருவுக்குத் தெரிய வரும்.

மற்ற மைக்காரர்கள் ஒரு தடவை பேசிப் பதிவு பண்ணிக்கொண்டு நாள் முழுக்க அதையே ஓட விடுவார்கள். லூர்துசாமிக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு தெருவிலும் புதிதாகப் பேசுவார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். சாவுச் சேதி சொல்லும்போது அந்த வீடு இருக்கிற தெருவில் வேகத்தைக் குறைத்து, பெயரை மட்டும் நிறுத்திச் சொல்வார். "பதிஞ்சி வச்சா அது கத்துறது. நேர்ல சொன்னாத்தான் சொல்றது," என்பார்.

தானே புயலுக்கு முந்தின சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாக மக்களை வெளியேறச் சொல்ல அவரைத்தான் அழைத்துப் போனார்கள். அதிகாரிகள் சொல்லியும் நகராதவர்கள், இவர் குரல் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஏன் என்று பின்னால் ஒருத்தி சொன்னாளாம்: "மைக்காரரே பயந்து பேசுறாருடி. அப்ப நெசமாத்தான் வருது."

அப்படிப்பட்டவருக்குத் தொண்டை கட்டியது. தொழிலில் இது சகஜம் என்று பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளினார். கட்டினது விடவே இல்லை. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது புற்று என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் பிழைப்பார், அதற்குப் பிறகு பேச்சு வராது என்றார் டாக்டர். லூர்துசாமி திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தார். பக்கத்தில் இருந்த மனைவி இன்னாசிமேரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாங்க, இப்பவே ஊமையாயிட்டீங்களா? இருக்கிற நாளைக்காவது பேசுங்க," என்றாள்.

சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருப்பவள் இன்னாசிமேரி. எதையும் முன்னாலேயே அளந்து எடுத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. மறுநாள் காலையில் தன் கணவனைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஃபோனை அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். "டீக்கடைக்குப் போனா இன்னா சொல்லுவீங்க? அதச் சொல்லுங்க."

அவருக்கு முதலில் கோபம் வந்தது. பதிந்து வைக்கிற குரலைப் பற்றித் தான் பேசின பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. ஆனாலும் சொன்னார். "சர்க்கரை கம்மியா ஒரு டீ."

ஆபரேஷன் வரைக்கும் தினமும் காலையில் அதே வேலை. காலையில் வெந்நீர் குடித்துவிட்டுப் பேசினால் குரல் கொஞ்சம் தெளிவாக வரும், பத்து மணிக்கு மேல் கரகரப்பாகிவிடும். மேரி. சாப்ட்டியா. காரம் ஜாஸ்தி. பஸ் எப்ப வரும். மீன் நேத்து புடிச்சதா. நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள் நித்யா மேரிக்கென்று தனியாகச் சில. தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலையை அவர்தான் ஆரம்பித்து வைப்பார், அதனால் "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தில் அவர் சொல்கிற முதல் பாதி. பழக்க தோஷத்தில், "பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால இருக்கிறவங்க தயவுசெய்து தள்ளாதீங்க" என்பதையும் ஒரு நாள் பேசிவிட்டார். இன்னாசிமேரி அதை அழிக்கவில்லை.

என்ன பேசியும் ஒன்று விட்டுப்போனது. "தெரியாது" என்ற சொல்லைப் பதியவே இல்லை. ஊரில் எந்தச் சந்து எங்கே போகிறது என்று கேட்டாலும் சொல்லிப் பழகியவர் அவர். அது தேவைப்படும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தின் நடுவே மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. தொண்டையில் வைத்துப் பேசுகிற மிஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். அது போட்ட இரைச்சலைக் கேட்டு அவரே கண்ணைச் சுருக்கினார். பிறகு நித்யா ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். எழுதினால் அது படிக்கும். தமிழைத் தமிழ் போலவே படிக்காது, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. ஒரு நாள் அது அவருடைய மனைவியை "இன்னா சிமேரி" என்று கூப்பிட்டது. அதோடு அதையும் விட்டார்.

கடைசியில் நித்யாதான் இன்னொரு ஆப்பைக் கண்டுபிடித்தாள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பதிவை வைத்தாள். டீ கிளாஸ் படம் போட்ட பெட்டியைத் தொட்டால் டீ கேட்கும், மீன் படத்தைத் தொட்டால் மீன் விசாரிக்கும். சில மாதத்தில் லூர்துசாமியின் விரல் அதில் பழகிவிட்டது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்போதே பெட்டியைத் தேடி எடுத்துவிடுவார். இன்னாசிமேரி பக்கத்து வீட்டோடு குழாயடியில் வாய்த்தகராறு போட்ட அன்று, ஜன்னலில் ஃபோனை நீட்டி, "பின்னால இருக்கிறவங்க தயவுசெய்து தள்ளாதீங்க" என்று போட்டார். இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. அதன்பிறகு ஃபோன் படுத்தத் தொடங்கியது.

முதலில் சார்ஜ் ஏறவில்லை. ஒயரைச் சொருகி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறும். அதற்கு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு இழுத்துக் கட்டினார். அப்புறம் திரையின் அடிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் கேட்காமல் போனது. ஒரு நாள் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அணைந்துவிட்டது. மீன்காரி கையில் வஞ்சிரத்தைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணே, சொல்லுங்க," என்று நின்றாள். அவர் வாயைத் திறந்து மூடினார். காற்று கழுத்துத் துணியைத்தான் அசைத்தது. மீன் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ் அவருக்குப் பழக்கம். கடைத் திறப்பு விழாவுக்கு மைக் பிடித்ததே லூர்துசாமிதான். இன்னாசிமேரியும் அவரும் போய் ஃபோனை மேஜைமேல் வைத்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஒரு ஒயரைச் சொருகி கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பார்த்தான். வேறு ஒயர் போட்டான். தலையை ஆட்டினான்.

"மாமா, சார்ஜ் மட்டும் கொஞ்சம் எடுக்குது. டேட்டா போகமாட்டேங்குது. ஒயர் வழியா எதையும் எடுக்க முடியாது."

"கழட்டி சரி பண்ணக்கூடாதா?" என்றாள் இன்னாசிமேரி.

"பண்ணலாம் அத்தை. ஆனா போர்டு வரைக்கும் உப்புக்காத்து ஏறி பச்ச பூத்திருக்கு. கழட்டினா திரும்ப ஆன் ஆவுமான்னு என்னால கேரண்டி குடுக்க முடியாது. வேற யார் ஃபோனா இருந்தாலும் தைரியமா கை வச்சிடுவேன்." அவன் லூர்துசாமியைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டு சொன்னான். "இதுல மாமா இருக்காரு. நான் தொடல."

லூர்துசாமி பெட்டிகளில் தேடினார். கேட்க நினைத்த கேள்விக்குப் பெட்டி இல்லை. "பஸ் எப்ப வரும்" என்பதைத் தொட்டார்.

ஜெயப்பிரகாஷுக்குப் புரிந்தது. "வழி இருக்கு மாமா. ஒயரே இல்லாம வைஃபை வழியா பழைய ஃபோன்லேர்ந்து புது ஃபோனுக்கு மொத்தமா மாத்திடலாம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும். அதுக்கு இந்த ஃபோன் உயிரோட இருக்கணும். அதுவரைக்கும் ஆஃப் மட்டும் ஆவவிடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் இன்னாசிமேரி மகளுக்குப் பேசினாள். நித்யா சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் பிறந்தநாளுக்கென்று புது ஃபோன் ஒன்றை வாங்கி ஏற்கெனவே பீரோவில் வைத்திருந்தாள்.

"பிறந்தநாள் வரைக்கும்லாம் வேணாம்மா. சனிக்கிழமை எனக்கு மத்தியானத்தோட வேலை முடியுது. அப்பாவக் கூட்டிட்டு வந்துடுங்க. பேக்கப் எதாவது இருக்கா?"

"அப்டின்னா?"

"ஒண்ணும் இல்லம்மா. நான் பாத்துக்குறேன்."

அவள் குரல் மாறியதை இன்னாசிமேரி கவனித்தாள், கணவனிடம் சொல்லவில்லை. உண்மையில் நித்யா பேசிக்கொண்டே வீட்டு லேப்டாப்பில் அப்பாவின் இணையக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டாள். அது நிறைந்து வழிந்து ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் காலை வணக்கப் படங்களும் புனிதர்களின் படங்களும்தான். அப்பாவின் குரல் அதில் ஒரு துண்டும் இல்லை.

சனிக்கிழமை காலை கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியில் ஏறினார்கள். லூர்துசாமி மடியில் துண்டை விரித்து, அதில் ஃபோனை வைத்து, இரவல் வாங்கின பவர்பேங்கைச் சொருகி, ஒயரைக் கட்டை விரலால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ரப்பர் பேண்டை நம்ப அவருக்கு மனமில்லை. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. சார்ஜ் ஏறும் மின்னல் குறி மறைந்தது. அவர் ஒயரை இப்படியும் அப்படியும் ஆட்டினார், குறி திரும்ப வந்தது. புதுச்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறி நெருக்கியபோது ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டார். வியர்வையில் துண்டு நனைந்திருந்தது. இன்னாசிமேரி, "நான் கொஞ்ச நேரம் புடிக்கிறேன், குடுங்க," என்றாள். அவர் கொடுக்கவில்லை.

வழியெல்லாம் அவர் யோசித்தது ஒன்றுதான். முதல் தடவை குரல் போனபோது முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சேர்த்து வைக்க நாள் கிடைத்தது. இந்தத் தடவை போனால் பதிவு பண்ணக் குரல் ஏது?

அண்ணாமலை நகர் பக்கம் ரயில்வே கேட்டுக்கு அருகில் நித்யாவின் வாடகை வீடு. மருமகன் டேவிட் ராஜ் நெய்வேலிக்கு வேலைக்குப் போயிருந்தார். நித்யா லேபிலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்தாள். புது ஃபோனை உறையோடு எடுத்து வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், பளபளவென்று இருந்தது. பழைய ஃபோனில், "நல்லா இருக்கு" என்று தொட்டார். அது சொன்னது. பிறகு இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்தார்.

"அப்பா, ஆரம்பிச்சிட்டா அது முடியற வரைக்கும் பழைய ஃபோனத் தொடக்கூடாது. எதாவது சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றாள் நித்யா.

அவர் கொஞ்சம் யோசித்தார். அருள் நிறைந்த மரியே பெட்டியைத் தொட்டார். மூன்று பேரும் நின்றபடியே அதைக் கேட்டார்கள். அது பாதி ஜெபத்தில் நின்றதும் மற்றப் பாதியை இன்னாசிமேரியும் நித்யாவும் சொல்லி முடித்தார்கள்.

நித்யா ஒயருக்கு அடியில் தீப்பெட்டியை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்தாள். புது ஃபோனில் ஒரு கட்டம் போட்ட படம் வந்தது. பழைய ஃபோனின் கேமராவை அதற்கு நேரே காட்டினாள். இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. தொடங்கும் பட்டன் புது ஃபோனில்தான் இருந்தது. அவள் அமுக்கினாள், ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

லூர்துசாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பழைய ஃபோன் சூடாகிறது என்று அவருக்குத் தோன்றியது, மின்விசிறியைக் கூட்டச் சொல்ல வேண்டும். சொல்கிற வாய் மேஜைமேல் கிடந்தது. கையைத் தூக்கி விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னாசிமேரி எழுந்துபோய் விசிறியைக் கூட்டினாள். அவளுக்கு அவர் கண்ணும் கையும் போதும். ஆனால் ஊருக்கு அது போதாது என்று அவருக்குத் தெரியும்.

தொடர்புகள் வந்தன. படங்கள் வந்தன. நித்யாவின் கல்யாண வீடியோ வந்தது. ஆப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. பெட்டி ஆப்பும் வந்ததும் நித்யா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வட்டம் முழுதாகி, முடிந்தது என்று காட்டியது.

அவள் புது ஃபோனில் அந்த ஆப்பைத் திறந்தாள். பெட்டிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. டீ கிளாஸ், மீன், பஸ், மாதா படம். டீ கிளாஸைத் தொட்டாள், சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டிவிட்டு மீனைத் தொட்டாள். ஒன்றும் வரவில்லை. வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெட்டியும் விரல் பட்டதும் நிறம் மாறிவிட்டுச் சும்மா இருந்தது.

லூர்துசாமி எழுந்து நின்றுவிட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். பழைய ஃபோனைப் பார்த்தார். அதில் போய்விட்டதா, இதிலும் வரவில்லையா என்று கேட்க அவருக்கு வழியில்லை. நித்யாவும் அதைப் புரிந்துகொண்டாள்.

"எதுவும் அழியலப்பா. இது காப்பி எடுக்கிறதுதான், எடுத்துட்டு அழிக்கிறது இல்ல. பாருங்க." அவள் பழைய ஃபோனில் டீ கிளாஸைத் தொட்டாள். சர்க்கரை கம்மியா ஒரு டீ, என்றது அது.

அவர் உட்கார்ந்தார். கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கியது.

"வெறும் கூடு மட்டும் வந்திருக்கு," என்றாள் நித்யா. "குரல்லாம் ஆப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. மாத்துறப்ப அந்த இடத்துக்குள்ள போக விடல. ஆப்பே அதையெல்லாம் ஒரு மூட்டையா கட்டி வெளிய குடுக்கும். இருங்க." அவள் ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். அப்படி ஒன்று இருந்தது. ஆனால் 'எல்லாவற்றையும் சேமி' என்ற பட்டன் திரையின் அடியில் இருந்தது. தொட்டால் கேட்காத அந்த ஒரு விரல் அகலத்துக்குள், சரியாக அங்கேயே.

நித்யா அமுக்கினாள். நகத்தால் தட்டினாள். துணியால் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினாள். இதற்குள் தீப்பெட்டி நழுவி, சார்ஜ் ஏறுவது நின்றுபோயிருந்தது. பாட்டரிக் குறி சிவப்பானது.

"ஐயோ, கடவுளே," என்று மெதுவாகச் சொன்னாள் நித்யா. தினமும் பத்துப் பேர் கையில் ஊசி குத்துகிறவள், ஒரு பட்டனை அமுக்க முடியாமல் கண் கலங்கினாள்.

இன்னாசிமேரி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "அடியில இருக்கிறது அமுங்க மாட்டேங்குதா? உங்கப்பா அத எப்பவும் படுக்க வெச்சில்ல அமுக்குவாரு."

"படுக்க வெச்சா?"

லூர்துசாமி ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். மகள் கொடுத்த ஃபோனை வாங்கி, பக்கவாட்டில் திருப்பினார். திரை ஒரு நொடி தயங்கிவிட்டுத் தானும் திரும்பியது. பட்டன் செத்த பகுதியை விட்டு நல்ல பகுதிக்கு வந்தது. சில மாதமாகக் கடைசி வரிசைப் பெட்டிகளை அவர் இப்படித்தான் பேச வைத்துக்கொண்டிருந்தார். இதில் என்ன அதிசயம் என்பது போல மகளைப் பார்த்துவிட்டு, ஃபோனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அமுக்கும் தைரியம் அவருக்கு இல்லை.

நித்யா அமுக்கினாள். மூட்டை கட்டும் கோடு ஊர்ந்தது. இன்னாசிமேரி ஒயரை எடுத்துச் சாய்த்து, ஃபோனோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மின்னல் குறி வந்தது. மூட்டை தயாரானதும், பக்கத்து ஃபோனுக்கு நேராக அனுப்பும் வழியில் நித்யா அதை அனுப்பினாள். புது ஃபோன் 'பெறவா' என்று கேட்டது. லூர்துசாமியின் விரலைப் பிடித்து அவளே அதன்மேல் வைத்தாள்.

இந்தத் தடவை யாரும் உட்காரவில்லை. கோடு பாதிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றது. வெளியே கேட் போட்டுவிட்டார்கள் போல, வண்டிகளின் ஹாரன் கேட்டது. ரயில் போனது. கோடு மறுபடி நகர்ந்தது. முடிந்தது.

நித்யா புது ஃபோனில் மூட்டையைப் பிரித்து ஆப்புக்குள் சேர்த்தாள். பிறகு எதையும் தொடாமல், ஃபோனை அப்பாவின் முன்னால் நகர்த்தினாள்.

அவர் எந்தப் பெட்டியைத் தொடுவது என்று விரலை இங்கும் அங்கும் கொண்டுபோனார். முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டார்.

"மேரி," என்றது ஃபோன்.

"இங்கதான இருக்கேன்," என்று இன்னாசிமேரி சட்டென்று பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் வரிசையாகத் தொட ஆரம்பித்தார். டீ பேசியது. மீன் பேசியது. பெரியோர்களும் தாய்மார்களும் வந்தார்கள். ஒன்றும் விடுபடவில்லை. முகத்தில் இருந்த இறுக்கம் ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கழுத்துத் துணி நிதானமாக அசைந்தது. அப்புறம் ஏதோ கேட்டவர் போலப் புருவத்தைச் சுருக்கி, ஒரு பெட்டியைத் திரும்பத் தொட்டார். ஃபோனைக் காதருகே கொண்டுபோனார்.

பழைய ஃபோனின் ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்து, குரல் தகரத்தில் பட்டது போலத்தான் வரும். அதற்கே பழகியிருந்தார்கள். இதில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவர் குரலுக்குப் பின்னால் குக்கர் சீறியது. காக்கை கத்தியது. "காரம் ஜாஸ்தி" என்று அவர் சொல்லி முடித்ததும், தாழ்ந்த குரலில் ஒரு பெண் பேசுவது கேட்டது: "இன்னா ஜாஸ்தி, மொளகாத்தூள் போட்டதே நீங்கதான்."

நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மா, உள்ள நீயும் இருக்க."

இன்னாசிமேரி நம்பவில்லை. வாங்கிக் கேட்டாள். தேடத் தேட அவள் பல இடத்தில் இருந்தாள். ஓரிடத்தில் இருமினாள். ஓரிடத்தில், "இன்னொரு தபா சொல்லுங்க, பால்காரர் மணியடிச்சிட்டாரு," என்றாள். ஒன்றில் பேச்சே இல்லை. அவர் எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட, அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்தது. அந்தப் பெட்டியில் நித்யா படம் எதுவும் போட்டிருக்கவில்லை. அதைக் கேட்டபோது மட்டும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நித்யா அதே மூட்டையைத் தன் ஃபோனிலும், வீட்டு லேப்டாப்பிலும், அம்மாவின் ஃபோனிலும் போட்டாள். இணையத்தில் புதிதாக ஓர் இடம் திறந்து அங்கேயும் ஏற்றினாள். இனி ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று அப்பாவுக்கு இரண்டு தடவை விளக்கினாள். அவர் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

"இனிமே இவர் கோச்சிக்கிட்டு பேசாம இருந்தார்னா, நானே இவர் குரல்ல எனக்குப் பதில் சொல்லிக்குவேன்," என்றாள் இன்னாசிமேரி. லூர்துசாமி "வேணாம்" பெட்டியைத் தொட்டார். புது ஃபோனில் அது இத்தனை கணீரென்று வரும் என்று எதிர்பார்க்காமல் அவரே திடுக்கிட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். பசித்தது. அதுவரை யாரும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நித்யா செய்து வைத்திருந்த இறால் குழம்பு ஆறிப்போயிருந்தது, அப்படியே போட்டுச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் லூர்துசாமி புது ஃபோனை நீட்டி, டீ கிளாஸை இரண்டு தடவை தொட்டுத் தனக்கும் மனைவிக்கும் டீ சொன்னார். கடைக்காரர் ஃபோனையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சர்க்கரையைக் குறைத்துப் போட்டார்.

கடலூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை, கையால் மூடிக்கொள்ளவும் இல்லை. பு.முட்லூர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. பல மாதமாக எந்த வண்டியிலும் அவர் கண்ணை மூடியதில்லை. கழுத்துத் துணி காற்றில் விலகப் பார்த்தது. இன்னாசிமேரி ஜன்னல் கண்ணாடியைப் பாதி இழுத்துவிட்டு, துணியைச் சரி செய்தாள்.

கண்டக்டர் வந்து, "ஐயா எங்க எறங்கணும்?" என்றார்.

"கடலூர் ரெண்டு," என்றாள் அவள். "எழுப்பாதீங்க. தூங்கட்டும்."